தண்ணீர் நின்றால் வரலாம்

1957

மார்ச் 7, வியாழன்

காலை ஏழரைக்குக் கிளம்பி, வாய்க்கால் ஓரமாகவே நடந்து தலைமடை வரை போய் வந்தேன். இரண்டு மைல் ஏற்றம், இரண்டு மைல் இறக்கம். மூடுபனி. ஆடுகள் வாய்க்காலைத் தாண்டப் போட்ட கல்பலகைகளில், மூன்றாவது ஆட்டுப்பாலத்துக்குக் கீழே கரை கொஞ்சம் இளகியிருந்தது. மண்வெட்டியால் தட்டிச் சரிசெய்தேன். தண்ணீர் நன்றாக வருகிறது.

அண்ணன் ஜோயல் இந்த நோட்டில் இவ்வளவுதான் எழுதுவான். தேதி, கரை, தண்ணீர். அவன் செத்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் பக்கங்களை வீணாக்குவானேன் என்று நான் எழுதுகிறேன். அவன் பேசாமல் விட்ட பேச்சையும் சேர்த்து எழுதுகிறேனோ என்னவோ, பக்கங்கள் சீக்கிரம் தீருகின்றன.

ஒன்பது நாளாக நான் ஒரு மனிதரிடமும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை தபால்காரன் எர்னி கேட்டருகே நின்று "மழைதாங்க" என்றான். "ஆமாம்" என்றேன். அதையும் பேச்சென்று கணக்கில் சேர்த்தால் இரண்டே நாள்தான். நாயிடம் பேசுவதைச் சேர்க்கவில்லை. நான் வாயைத் திறந்ததும் ஃப்ளை தூங்கிவிடுகிறது.

மார்ச் 9, சனி

தண்ணீர் நன்றாக வருகிறது. வேறொன்றுமில்லை.

மார்ச் 14, வியாழன்

இன்று தண்ணீர் நின்றுபோனது!

முற்றத்துத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் நின்றதும் தூக்கத்திலிருந்து எழுப்பியதுபோல் இருந்தது. சுவரோரம் போய்ப் பார்த்தால், காளைக்கண் கல்லுக்கு அந்தப் பக்கம் கீழ்வீட்டு கில்பர்ட் லீமன் நிற்கிறார். தொப்பி கையில். கல்லைத் தாண்டாமல் நின்று இருமினார். அது அவர் கதவு தட்டும் முறை.

விதி எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் ஒருமுறை எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது. ஓடையை மேலே மறித்து, மலைச்சரிவோடு வாய்க்கால் வெட்டி இறக்கியது எங்கள் கொள்ளுப்பாட்டன்மார். என் வீட்டுக்கு, அதாவது மேல் சோமர்கோம்புக்கு, வருமிடத்தில் எல்லைச் சுவரில் ஒரு கருங்கல். அதில் ஒன்றரை அங்குலத் துளை, காளைக்கண் என்று பேர். அந்தக் காளைக்கண்ணில் நுழைந்து போவது கீழ் சோமர்கோம்பின் பங்கு, லீமன் வீட்டுத் தண்ணீர். கல்லுக்குக் கீழே அவர்கள் பாடு, மேலே எங்கள் பாடு. தண்ணீர் ஓடும்வரை அவர்கள் கல்லைத் தாண்டி வரக்கூடாது. தண்ணீர் நின்றால் வரலாம். வந்தால், காரணம் எங்கே கிடைத்தாலும், இரண்டு வீட்டாரும் சேர்ந்தே தலைமடை வரை நடக்க வேண்டும், அங்கே ஆளுக்கொரு கை தண்ணீர் குடிக்க வேண்டும். நீ திருடினாய், நான் திருடினேன் என்ற பேச்சு பிறகு எழக்கூடாது என்பதற்காக.

ஜோயல் போன பிறகு ஒருமுறைகூடத் தண்ணீர் நின்றதில்லை. நான் வாய்க்காலை அவ்வளவு நன்றாக வைத்திருக்கிறேன். அதுதான் வினை.

இரண்டு பேரும் நடந்தோம். இடப்பக்கம் கீழே ஓடை சத்தம் போட்டுக்கொண்டு போகிறது, எங்கள் காலடியில் வாய்க்கால் வெறும் சேறாக. வழியெல்லாம் லீமன் பேசினார். மகன் ரெஜ் கட்டிக்கொண்டு வந்த மேவிஸைப் பற்றி.

"பிளிமத் பொண்ணு, மிஸ் கிளீவ். திருகினா தண்ணி வரும்னு நெனைச்சே வளர்ந்தவ. எங்க தொட்டியில தவளையைப் பார்த்துட்டு ஒரு கத்து கத்தினா பாருங்க, மாடு ரெண்டு நாளைக்குப் பால் விடல."

"தவளைக்கு என்ன ஆச்சு?"

"அது வேற ஊருக்குக் குடி போயிருச்சு."

நான் சிரித்தேன். சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. ஜோயலோடு இதே வழியில் இருபது தடவை ஏறியிருப்பதாகவும், மொத்தம் நாலு வார்த்தை கேட்டிருப்பதாகவும் சொன்னார். "நாலா? அதுல ஒண்ணுகூட வீட்டுக்குக் கொண்டு வரல அவன்" என்றேன். அவர் நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

தலைமடையில், வாய்க்காலின் வாயில் ஒரு செத்த ஆடு அடைத்துக் கிடந்தது. ஆளுக்கு இரண்டு காலைப் பிடித்து இழுத்துப் போட்டோம். மேலாகப் போய்க் கைகழுவி, வழக்கப்படி குடித்தோம். அவர் பையில் கறியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பாஸ்ட்டி ஒன்று இருந்தது. பாதியை ஒடித்துக் கொடுத்தார். மருமகள் செய்தது. ஓரமெல்லாம் கருகியிருந்தது, முழுக்கத் தின்றேன்.

இறங்கும்போது தண்ணீர் எங்களோடு சேர்ந்து வந்தது. நாங்கள் நடந்தால் அதுவும் நடந்தது.

மார்ச் 15, வெள்ளி

தொட்டியில் தண்ணீர் விழுகிறது. நாள் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 26, செவ்வாய்

எழுதலாமா? எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

விடிந்ததும் தலைமடைக்குப் போனேன். கரையோரம் புல்லோடு ஒரு மண்கட்டி வெட்டினேன், நல்ல கனமாக. வாய்க்காலின் வாயில் வைத்து மிதித்தேன். தண்ணீர் ஒரு கணம் யோசித்துவிட்டு ஓடைக்கே திரும்பியது. நான் வீட்டுக்கு வந்து, அடுப்பை மூட்டி, தொப்பியை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்பிள்ளை. வேலியே பயிரை மேய்கிற கதை.

ஒன்பதரைக்குக் கல்லருகே இருமல்.

"மறுபடியுமா, மிஸ்டர் லீமன்?" என்று கேட்டேன். என் நடிப்பு மோசமில்லை என்று நினைக்கிறேன்.

அவர் இன்று தன் மனைவி ஈதலைப் பற்றிப் பேசினார். செத்துப் பத்து வருடமாகியும், சாப்பாட்டு மேசையில் உப்பு எடுத்துக் கொடு என்று வாய் வந்துவிடுகிறதாம். பிறகு தானே எழுந்து எடுத்துக்கொள்கிறாராம். எனக்கும் ஜோயலின் பூட்ஸைக் கதவோரத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

மேலே போனதும் கட்டியை அவர்தான் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆடு தள்ளியிருக்கும்" என்றார்.

பாறையில் உட்கார்ந்ததும் என் பையிலிருந்து இரண்டு பாஸ்ட்டியை எடுத்தேன். நேற்றே சுட்டு வைத்தது.

"ரெண்டா? தண்ணி நிக்கும்னு முன்னாடியே தெரியுமோ?"

"எனக்குப் பசி அதிகம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன். அவர் பாஸ்ட்டியைக் கடித்துவிட்டு, ஈதல் போனதிலிருந்து இப்படி ஓரம் கருகாமல் தின்றதில்லை என்றார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஏழு நாள். தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 11, வியாழன்

மறுபடியும் செய்தேன். மறுபடியும் வந்தார். மறுபடியும் "ஆடு."

"இந்த மலையில புத்திசாலி ஆடு ஒண்ணு இருக்கு, மிஸ் கிளீவ்" என்றார். "எங்க மந்தை ஆடா இருக்காது, அதுங்க மண்டையில களிமண்."

"எங்க மந்தையும் அப்படித்தான்."

"அப்ப ராணியோட ஆடா இருக்கும்."

ஒரு சின்னப் பறவை ஓடைக்குள் முங்கி, தண்ணீருக்கு அடியிலேயே நடந்து, அந்தப் பக்கம் எழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றோம். யாரும் எதுவும் பேசவில்லை. இதுவும் ஒரு பேச்சுதான் என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வருடம் போய்விட்டது.

மே 2, வியாழன்

இன்றும் கட்டி வைத்தேன். அவருடைய முட்டி வீங்கியிருக்கிறது. நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். திரும்பிப் போகலாம் என்றேன். "வழக்கம்னா வழக்கம்தான்" என்றார். வலிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார்.

மேவிஸ் ஜூலையில் பிள்ளை பெறப் போகிறாளாம். இன்றுதான் சொன்னார். "தண்ணி நிக்கற அன்னைக்கு வீட்டுல பாத்திரம் பறக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இறங்கும்போது அந்த மண்கட்டியைத் தூக்கிப் போடாமல் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போனார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

மே 3, வெள்ளி

இனி செய்ய மாட்டேன். செய்தால் நான் மனுஷி இல்லை.

மே 21, செவ்வாய்

நான் மனுஷி இல்லை.

இன்று ஜோயலின் பிறந்தநாள். காலையில் அந்த பூட்ஸைப் பார்த்தேன், அவ்வளவுதான், கால்கள் தாமாக மேலே ஏறின. கட்டியை வெட்டினேன், வைத்தேன், வந்தேன். பதினோரு மணி வரை இருமல் கேட்கவில்லை. பிறகு கல்லின் மேலேயே தட்டுகிற சத்தம். வாளியால் தட்டுகிறாள். மேவிஸ்.

"மாமா வரல. முட்டி வீங்கிக் கிடக்கு. ரெஜ் சந்தைக்குப் போயிட்டான். ரெண்டு வீட்டு ஆளும் சேர்ந்து ஏறணுமாமே, வாங்க, ஏறுவோம்."

வயிறு முன்னால் நிற்கிறது. காலில் ரெஜ்ஜின் ரப்பர் பூட்ஸ்.

"இந்த நிலைமையில நீ ஏற வேண்டாம்மா. நான் போய்ப் பார்த்துட்டு வரேன்."

"நீங்க தனியாப் போனா வழக்கத்துக்கு ஆகாதாம். சொல்லித்தான் அனுப்பினார். நல்ல வழக்கம்! இதைக் கண்டுபிடிச்சவன் ஒரு துணி துவைச்சிருப்பானா?"

இரண்டாவது ஆட்டுப்பாலம் வரை வந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. கல்பாலத்தில் உட்கார்ந்து, வறண்ட வாய்க்காலுக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது.

"காலைல துணியெல்லாம் சோப்புப் போட்டு ஊற வெச்சுட்டேன். அலச ஒரு சொட்டு இல்ல. வாளியைத் தூக்கிட்டு ஓடைக்கு இறங்கினேன். ரெண்டாவது வாளியில வயிறு அப்படியே கல்லாட்டம் இறுகிப் போச்சு, மிஸ் கிளீவ். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஏதாவது ஆயிருந்தா?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மார்ச்சுலேர்ந்து இது அஞ்சாவது தடவை. கேட்டா ஆடுங்கறார். எந்த ஆடு மண்வெட்டி பிடிக்குது? போன தடவை எடுத்துட்டு வந்த கட்டியைத் தோட்டத்துச் சுவர் மேல வெச்சிருக்கார். நாலு மூலையும் பிரட் வெட்டின மாதிரி இருக்கு. எவனோ வேணும்னே பண்றான். கூடாரம் போட வர்ற பசங்களா இருக்கும். பாவம், உங்களுக்கும்தானே தண்ணி நிக்குது. நீங்க வேற தனியா."

பாவம் என்றாள். என்னை.

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக மேலே போய், நான் வைத்ததை நானே எடுத்தேன். திரும்பி வரும்போது தண்ணீர் எனக்கு முன்னால் அவளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குழாய் போடறதுக்குக் காகிதம் வந்து ஒரு மாசமாக் கிடக்கு. நம்ம ரோடு வரைக்கும் கொண்டு வர்றாங்க. மாமாதான் கையெழுத்துப் போட மாட்டேங்கறார். வாய்க்கால் இருக்கே, வாய்க்கால் இருக்கேன்னு ஒரே பாட்டு. இன்னைக்குப் போட வெக்கறேன் பாருங்க" என்றாள்.

கல் வரை கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மே 24, வெள்ளி

எர்னி சொன்னான். லீமன் கையெழுத்துப் போட்டுவிட்டார். "பேனாவை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்த மண்வெட்டியால் வைத்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் நிற்காது. நின்றாலும் அதற்கு ஆள் வேறு. என்னோடு யாரும் நடக்க வேண்டியதில்லை.

ஜூன் 12, புதன்

சாலையோரம் பள்ளம் தோண்டுகிறார்கள். ஒருவன் மேலே ஏறி வந்து, "உங்களுக்கும் ஒரு கிளை இழுத்துடலாமாம்மா?" என்று கேட்டான். வேண்டாம், எனக்கு வாய்க்கால் இருக்கிறது என்றேன். தண்ணீர் கேட்டான். தொட்டியிலிருந்து ஒரு குவளை கொடுத்தேன். குடித்துவிட்டு, இப்படி ஒரு தண்ணீரைக் குடித்ததே இல்லை என்றான். அவன் போன பிறகு குவளையைக் கழுவாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். பைத்தியம்.

ஜூன் 20, வியாழன்

இன்று தலைமடையில் நிற்காமல் ஓடையோடு இன்னும் மேலே போனேன். ஏன் என்று தெரியாது. வியாழக்கிழமை, வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மேலே போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகி, ஓடை ஒரு தாவல் அகலம் ஆகிவிடுகிறது. பஞ்சு போலப் பூத்த புல் நிறைந்த சதுப்பு நிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால், முன்காலத்தில் வெள்ளீயத் தாது தோண்டினவர்களின் மண்மேடுகள். கூரை இல்லாத ஒரு வீடு. அதன் அடுப்பங்கல்லில் ஒரு பெட்டை ஆடு குட்டியோடு படுத்திருந்தது, என்னைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. அந்த மேடுகளிலிருந்து அவர்களுடைய பழைய வாய்க்கால்கள் கிளம்புகின்றன. மூன்று. ஒன்றின்மேல் ஒன்றாக, சரிவைக் கட்டிக்கொண்டு. ஒன்றிலும் தண்ணீர் இல்லை. நடுவாய்க்காலுக்குள் இறங்கி அதிலேயே நடந்தேன். முழங்கால் அளவு பள்ளம், உள்ளே புல்லும் நாணலும். சில இடத்தில் கரையே இல்லை, நடக்கிற காலுக்குத்தான் ஏதோ இருந்ததென்று தெரிகிறது. ஒரு பாறையைக் குடைந்து திருப்பியிருக்கிறார்கள். உளி பட்ட தழும்பு புதிதாகவே இருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்து வெட்டியிருப்பார்கள்? என்ன பேசிக்கொண்டு வெட்டியிருப்பார்கள்?

ஜோயல் ஒருமுறை சொன்னான், ஒரு வாய்க்கால் சாக மூன்று வருடம் போதும் என்று. ஒரு வருடம் களை, ஒரு வருடம் கரை, மூன்றாம் வருடம் ஆடு. அவன் பேசிய சொற்ப வார்த்தைகளில் அது ஒன்று.

வாய்க்காலுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். சத்தமாக. இரண்டு மட்டக் குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ந்தன. வெட்கப்பட அங்கே ஒருவரும் இல்லை, அதற்கும் சேர்த்து அழுதேன். எனக்குத் தண்ணீர் வேண்டாம், பாஸ்ட்டி வேண்டாம். ஒரு ஆள் பக்கத்தில் நடந்தால் போதும்.

ஜூலை 9, செவ்வாய்

கீழே பெண் குழந்தை. எட்டு பவுண்டு. தாயும் பிள்ளையும் சுகம் என்று எர்னி சொன்னான். கடவுளே, நன்றி.

ஜூலை 14, ஞாயிறு

முட்டை ஒரு டஜன், ஒரு கிண்ணம் பாலேடு. கூடையில் வைத்துத் துணி மூடி, சாலை வழியாகக் கீழ் சோமர்கோம்ப் கேட் வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். குழந்தை அழுகை, மேவிஸின் அம்மா பிளிமத்திலிருந்து வந்திருக்கிறாள் போல. ரெஜ் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். லீமனின் குரல் மட்டும் கேட்கவில்லை.

காரியம் இல்லாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே வழக்கமில்லை. முட்டை ஒரு காரியமா? அவர்களிடம் நாற்பது கோழி இருக்கிறது.

கேட்டில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். பாலேட்டை நானும் ஃப்ளையும் சாப்பிட்டோம்.

ஜூலை 23, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கரை சரி. காளைக்கண்ணில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. கீழே எடுக்க ஆளில்லாமல் வயலில் பரவி வீணாகிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

செய்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

விடியற்காலை ஏறிப் போய்க் கட்டி வைத்தேன். தொப்பியோடு கல்லருகே போய் உட்கார்ந்தேன். எட்டு, ஒன்பது, பத்து. தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. கல்துளைக்குக் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர்கள் வயல் வட்டமாகத் தெரிந்தது. யாரும் வரவில்லை. கீழே குழாயைத் திறந்து மூடியிருப்பார்கள். நின்றதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பன்னிரண்டு மணிக்கு மேலே போய் எடுத்துவிட்டேன். பையில் இரண்டு பாஸ்ட்டி. ஒன்றைத் தின்றேன். மற்றதை ஃப்ளைக்குப் போட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

எர்னி ஒரு துண்டுக் காகிதம் கொண்டு வந்தான். லீமன் கையெழுத்து, கோழி கிண்டியதுபோல்.

"மிஸ் கிளீவ். எங்கள் பங்குத் தண்ணீர் வேண்டியதில்லை என்பதால் காளைக்கண்ணை அடைத்துவிட வேண்டும் என்று மகனும் மருமகளும் சொல்கிறார்கள், வயல் சேறாகிறது. இரண்டு வீட்டாரும் நின்று களிமண் வைப்பதே முறை. செவ்வாய் பத்து மணிக்கு வருகிறேன், உங்களுக்குச் சௌகரியப்பட்டால். ஜி. லீமன்."

சௌகரியப்பட்டால்! என் சௌகரியத்தை யாரோ கேட்டு எத்தனை நாளாகிறது.

செப்டம்பர் 9, திங்கள்

சொல்லிவிடப் போகிறேன். நாளையோடு காளைக்கண் அடைந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு இங்கே வேலையில்லை. திருடியாகவே அவரோடு கடைசித் தடவை நிற்க முடியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருமல். ஒரு கையில் களிமண் வாளி, ஒரு கையில் தடி. மெலிந்திருக்கிறார்.

"குழந்தை எப்படி?"

"தொண்டை நல்லா இருக்கு. அவங்கம்மா மாதிரி."

"முட்டி?"

"இருக்கு."

அவர் களிமண்ணைப் பிசைய ஆரம்பித்தார். நான் சொன்னேன். எழுதி வைத்துப் பழகின எதுவும் வாயில் வரவில்லை.

"மிஸ்டர் லீமன், ஆடு இல்ல. நான்தான். செத்த ஆடு முதல் தடவை மட்டும்தான். மத்ததெல்லாம் நான். காலைல ஏறிப் போய் மண்வெட்டியால வெட்டி வெச்சேன். மேவிஸ் வாளி தூக்கின அன்னைக்கும் நான்தான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா அதுவும் நான்தான்."

அவர் கையை நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

கேட்கவில்லை. கல்துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

பிறகு கையிலிருந்த களிமண்ணை வாளியில் போட்டார். "இது ரொம்ப இளக்கமா இருக்கு. நிக்காது" என்றார். "இன்னொரு நாள் பார்ப்போம்." வாளியைத் தூக்கிக்கொண்டு, தடியை ஊன்றி ஊன்றி இறங்கிப் போய்விட்டார்.

களிமண்ணில் ஒரு குறையும் இல்லை. நானும் பார்த்தேன். என்னோடு சேர்ந்து நின்று ஒரு கல்லை அடைக்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 11, புதன்

சரி. சொன்னதில் வருத்தமில்லை. இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

வரவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

வரவில்லை. ரெஜ்ஜை அனுப்பி அடைத்துவிடுவார் என்று நினைக்கிறேன். நான் தினமும் வாய்க்காலோடு ஏறி இறங்குகிறேன். காட்டுப்பழம் எல்லாம் முடிந்துவிட்டது, பெரணி பழுத்துவிட்டது. ஒரு வார்த்தை பேச வாயெடுத்தால் குரல் கரகரக்கிறது. ஜோயலின் பூட்ஸை இன்று எடுத்து உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

எர்னி இன்று கேட்டில் நிற்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு.

"கேட்டீங்களா சங்கதியை? கீழ்வீட்டுக் கிழவர் டாவிஸ்டாக் சந்தையில ஆறு வாத்து வாங்கிட்டு வந்திருக்கார்! சின்ன வயசுல வாத்து கடிச்சதுலேர்ந்து அந்த ஜாதியையே கண்டா ஆகாதவர். வயல் சேத்துல விட்டிருக்கார். மேவிஸ் கத்துறா. குழாய்த் தண்ணியில விடுங்கறா. வாத்துக்குக் குழாய்த் தண்ணி ஒத்துக்காதாம், வாய்க்கால் தண்ணிதான் வேணுமாம். அதனால கல்லை அடைக்கப்படாதாம். வயசாயிடுச்சு, என்ன பண்றது?"

"வாத்து நல்ல பிராணி" என்றேன்.

எர்னி போன பிறகு அடுப்பருகே நின்றுகொண்டே இருந்தேன். வாத்து வாங்கினால் வாத்து வாங்கினார் என்று அர்த்தம். வேறு ஒன்றும் இல்லை. வயதான ஆட்களுக்குத் திடீரென்று ஏதாவது பிடித்துப்போகும். நான் எதையும் நினைக்கப் போவதில்லை.

அக்டோபர் 3, வியாழன்

நல்ல வெயில், காற்றில் குளிர். ஏழரைக்கு ஏறிப் போய் வந்தேன். கரை எங்கும் சரியாக இருந்தது. தலைமடையில் விழுந்த இலைகளை வாரிப் போட்டேன். மண்வெட்டியை எடுத்துப் போகவே இல்லை, இதை எழுதியே வைக்கிறேன்.

பத்து மணிக்கு இருமல்.

போனேன். கில்பர்ட் லீமன் தடியை ஊன்றிக்கொண்டு கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. பையில் ஏதோ கனமாக.

"தண்ணி நின்னுபோச்சு, மிஸ் கிளீவ்" என்றார்.

காளைக்கண்ணிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் தடிமனுக்குப் பீறிட்டு, அவர் பூட்ஸ் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். காலை நகர்த்தவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"காலைலேர்ந்து. வாத்துங்க ரொம்ப அவஸ்தைப்படுது."

"அப்படின்னா போய்ப் பார்க்க வேண்டியதுதான். ரெண்டு வீட்டாரும்."

"வழக்கம்னா வழக்கம்தான்" என்று சொல்லி, கையை நீட்டினார். பிடித்து இந்தப் பக்கம் ஏற்றிவிட்டேன்.

மெதுவாக ஏறினோம். ஏழு இடத்தில் உட்கார்ந்தோம். மேலே போய்ச் சேர மதியமாகிவிட்டது. பையில் இருந்தது அவரே சுட்ட பாஸ்ட்டி, நான்கு பக்கமும் கரி. தலைமடையில் ஒரு குறையும் இல்லை. அவர் குனிந்து, வாய்க்காலின் வாயை நாலாபக்கமும் பார்த்து, இது ஒருநாளில் கண்டுபிடிக்கிற கோளாறாகத் தெரியவில்லை என்றார். அடுத்த வியாழக்கிழமையும் தண்ணீர் நிற்கும் போலிருக்கிறதாம்.